புருவம் சொன்ன ஓம்

டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்திலிருந்து காரில் போனால், ஏரியும் காடும் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஓடும் பஸ்ஸைத் தவிர அங்கே வேறு பஸ் இல்லை. கொம்யூனின், அதாவது உள்ளூராட்சியின், வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்யும் நான், இடுப்பு எலும்பு முறிந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்கு உதவ அங்கே போய்வந்தேன்.

அவர் கிரீன்லாந்துக்காரி. அங்கே கடலோரக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து, இறால் ஆலையில் வேலை செய்து, டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அவருடைய ஊருக்கு வந்தவர். கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தார். டேனிஷ் மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். ஆனாலும் என் மனதில் அவர் எப்போதும் ‘நீங்கள்’. நாங்கள் டேனிஷில் கதைத்ததெல்லாம் இன்றைக்கு எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் வருகிறது.

அந்தக் குளிர்காலத்தில் கொம்யூன் தூரத்து வீடுகளுக்கு வீடியோவில் கதைக்க ஒரு திரை கொடுத்திருந்தது. என்ன உதவி தேவை என்று முடிவுசெய்யும் அலுவலர் கார் ஓட்டி வராமல் அந்தத் திரையிலேயே கேட்பார். இளம் பெண், கனிவானவர்.

“சாப்பாடு அனுப்பவோ?” என்று கேட்டார். பதில் இல்லை.

“உடற்பயிற்சி செய்ய விருப்பமோ?” அதற்கும் பதில் இல்லை.

நான் கீழே குனிந்து கிரீன்லாந்துக்காரியின் காலில் இறுக்கமான காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்துவிட்டு, “சரி, இப்ப ஒண்டும் வேண்டாம் போல கிடக்கு” என்று அலுவலர் திரையை அணைத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த கிழமை நான் போனபோது அவர் கோபத்தோடு இருந்தார். மேசையில் காய்ந்த ரொட்டியும் வெண்ணெயும் மட்டும்.

“ஏன் ஒருத்தரும் வரேல்லை? நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே சொன்னனான்!”

“நீங்கள் வாயே திறக்கேல்லையே.”

அவர் இரண்டு புருவங்களையும் உயர்த்தினார். “இதுதான் ஓம். எங்கட ஆக்களுக்கு இது போதும்.” பிறகு மூக்கைச் சுருக்கினார். “இது இல்லை. என்ர மனுசனுக்கு எல்லாம் விளங்கும். அவரோட இருந்து இருந்து, மற்றவைக்கு விளங்காதெண்டதை மறந்திட்டன்.”

நான் சிரித்தே விட்டேன். டேனிஷ் படித்த காலத்தில் “விளங்குதோ?” என்று வாத்தியார் கேட்கும்போதெல்லாம் நான் ‘ஓம்’ என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டியதையும், அவர் மனுசன் பாவம், மறுபடியும் மறுபடியும் முதலிலிருந்து விளங்கப்படுத்தியதையும் சொன்னேன். அவர் கோபத்தை மறந்து, கண்ணாடி முன்னால் நின்று தலையாட்டப் பழகினார். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

நான் காரிலிருந்து அலுவலருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். “நான் நேரில வாறன்” என்றார்.

சொன்னபடியே வந்தார். சேறு படிந்த சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, கிரீன்லாந்துக்காரிக்கு நேர் எதிரே முகம் தெரிய உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பெட்டியில் என்னென்ன வரும் என்று விளக்கியதும் மூக்கு சுருங்கியது. பன்றியிறைச்சியும் தடித்த குழம்பும் அவருக்குச் சலித்துப்போயிருந்தன. உடற்பயிற்சி என்றதும் புருவம் உயர்ந்தது. நகரத்தில் என்றதும் மூக்கு சுருங்கியது.

அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?”

அதற்குப் புருவம் போதவில்லை. அவர் வாய் திறந்து நீளமாகக் கதைத்தார். கிராமத்துப் பொதுமண்டபம் குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பன்றிப்பண்ணைக்காரருக்கும் முழங்கால் ஏலாது. எல்லோரையும் நகரத்துக்கு ஏற்றுவதைவிட, பயிற்சி கொடுப்பவர் ஒருவர் இங்கே வரலாமே. சாப்பாட்டை அனுப்ப வேண்டாம். கூட நின்று சமைக்க ஒரு கை தந்தால் போதும்.

“உங்கட ஊருக்கெண்டு தனியா அப்பிடி ஒண்டும் இல்லை,” என்றார் அலுவலர். “ஆனால் கேட்டுப் பாக்கிறன்.”

மேலிடம் முதலில் மறுத்தது. ஒருத்திக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்களாம். அலுவலர் விடவில்லை. பனி உருகத் தொடங்கிய நேரத்தில், கோடை வரைக்கும் செய்து பார்க்கலாம் என்று அனுமதி வந்தது.

முதல் புதன்கிழமை மண்டபத்தில் ஹீட்டர் சூடாவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் கோட்டைக் கழற்றாமலேயே கதிரையில் இருந்து காலைத் தூக்கினார்கள். பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்டை விடப் பண்ணைக்காரரின் அதட்டல்தான் பலமாக இருந்தது. குசினியில் கிரீன்லாந்துக்காரியும் நானும் மீன், அரிசி, உருளைக்கிழங்கு போட்டு ஒரு பெரிய பானையில் சூப் வைத்தோம். மீன்தலையை எறியப்போன என் கையை அவர் தட்டிவிட்டார். “அதுதான் ருசி” என்றார். எங்கள் யாழ்ப்பாணத்து மீன் கூழுக்கும் அதுதானே ருசி என்று எனக்கு உடனே வெட்கமாகிவிட்டது.

பண்ணைக்காரர் மீன்தலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு கோப்பையை நீட்டி, கண்ணை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

கோடை முடிந்தும் புதன்கிழமைகள் நிற்கவில்லை. இடுப்பு முறிந்த அவர் இப்போது ஊன்றுகோலோடு மண்டபத்துக்குத் தானே நடந்துபோகிறார். என்னுடைய உதவி காலுறைக்கு மட்டும்தான். ஆனாலும் கோப்பி குடிக்காமல் போக விடமாட்டார்.

அலுவலர் பிறகு இதையே ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடங்கப் பார்த்தார். அங்கே ஒருவரும் மண்டபத்துக்கு வரவில்லை. அவர்களுக்குச் சூப்பும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்; கிழமைக்கு ஒருக்கால் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு வாகனம் இருந்தால் போதுமாம்.

“முதலே கேட்டிருக்கலாம்,” என்று அலுவலர் சிரித்தபடி சொல்லிவிட்டு, வாகனத்துக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டார்.