கீழே வைத்த கோப்பை

உம்மு மய்சூன் காபிக் கோப்பையை மேசை விளிம்பில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நகராட்சித் தலைவர் நாற்காலியில் நெளிந்தார்.

“குடிங்க உம்மு மய்சூன், ஆறிப்போகுது.”

“ஆறட்டும். எனக்கென்ன அவசரம்?”

பெண்கள் பள்ளிக்குப் போகும் சந்தில் விளக்கு எரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கோப்பை. வந்தவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். கேட்டதைச் செய்து தராமல் அந்தக் காபியை அப்படியே திருப்பி எடுப்பதைப்போல் ஒரு மானக்கேடு வீட்டுக்காரருக்கு வேறில்லை. எங்கள் ஊர் கரக்கில் பெண் கேட்கப் போகிற பெரியவர்களும் கொலைப்பகை தீர்க்கப் போகிற பெரியவர்களும் செய்கிற காரியம் இது. அதாவது, ஆண்கள் செய்கிற காரியம். உம்மு மய்சூன் அதைத் தெருவிளக்குக்குச் செய்வார். தலைவர் தொலைபேசியை எடுத்து மின்சாரக்காரரை நாலு வார்த்தை திட்டிய பிறகுதான் உம்மு மய்சூன் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். ஆட்டாமல் நீட்டினால் மறுபடி ஊற்றிவிடுவார்கள்.

உம்மு மய்சூனின் மருந்துக்கடைக்கு அடுத்தது என் தையல்கடை. நடுவில் உள்ள சுவர் மெல்லியது. அதனால் அவர் நாள் முழுக்க யாரை என்ன சொல்கிறார் என்பது எனக்கு அத்துப்படி. மனைவிக்கு மாத்திரை வாங்க வரும் ஆண்களை அவர் சும்மா விடுவதில்லை.

“வலி உனக்கா, அவளுக்கா?”

“அவளுக்குத்தான், உம்மு மய்சூன்.”

“அப்ப அவளுக்கு வாய் இல்லையா? வரச் சொல்லு. எங்க வலிக்குதுன்னு அவ சொல்லட்டும்.”

பெயரிலும் பிடிவாதம்தான். அவருக்கு ஒரே மகள், மய்சூன். எங்கள் பக்கம் மகன் இல்லாதவளை, பிறக்கப்போகிற மகனின் பெயரை நாமே வைத்து, ‘உம்மு இன்னார்’, அதாவது இன்னாரின் அம்மா என்று கூப்பிடுவது ஒரு மரியாதை. “பொறக்காதவனுக்கு நான் அம்மா இல்ல” என்று அந்த மரியாதையை அவர் அப்போதே தூக்கி எறிந்துவிட்டார். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார். வஸ்ஃபியா என்ற சொந்தப் பெயருக்கும் திரும்புவார். வேறு எதற்கும் திரும்ப மாட்டார்.

எழுபதைத் தாண்டிவிட்டார். பூ வேலை செய்த கறுப்பு அங்கி. அதற்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. கல்யாண வீட்டுக்கும் அதே ஷூதான். கேட்டால், “போலீசு தொரத்துனா செருப்போட ஓட முடியுமா?” என்பார். ஓடிப் பழகியவர்தான். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கல்லூரி நாளில் கையெழுத்து வாங்கித் திரிந்தவர். ஓட்டு வந்தபின் தேர்தல் வேண்டும், கட்சி வேண்டும், பத்திரிகை வாய்திறக்க வேண்டும் என்று திரிந்தார். அதற்காகப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். விசாரணைக்குக் கூப்பிட்ட இடத்தில் முதலில் நாற்காலி கேட்டாராம். “நிக்க வச்சு கேட்டா எனக்குப் பதில் வராது தம்பி, கால் வீக்கம்தான் வரும்.” நாற்காலி வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அவர் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது எங்கள் குலத்து மண்டபம், எங்கள் பேச்சில் மதாஃபா. பாராளுமன்றத் தேர்தல் வந்தால் எங்கள் குலத்தார் ஓட்டுச் சிதறாமல் இருக்க, தேர்தலுக்கு முன்பே மண்டபத்தில் ஒரு பெட்டி வைத்துத் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் குலம் முழுவதும், பெண்கள் உட்பட, கண்ணை மூடிக்கொண்டு அவருக்கே போட வேண்டும். அந்த முதல் பெட்டியில் சீட்டுப் போடுவது ஆண்கள் மட்டும்.

அப்படி அவர்கள் போன முறை அனுப்பிய ஆள்தான், தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை கொடுக்கலாமா என்ற பேச்சு வந்த அன்று எழுந்து வெளியே போய்விட்டவர். மய்சூன் வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்தவள். அவள் பிள்ளைகள் கரக்கில் பிறந்து, கரக்கு மண்ணில் புரண்டு வளர்ந்து, இன்னும் வருஷா வருஷம் தங்குவதற்கு அனுமதி கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஆள் வெளியே போன செய்தியைக் கேட்ட அன்று உம்மு மய்சூன் கத்தவில்லை. என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

“சீட்டை நம்ம கையில கொடுத்துட்டு, பேரை அவங்க கையில வச்சிக்கிட்டாங்க நஜாஹ். முதல்ல அந்தப் பெட்டியில நம்ம ஓட்டு விழணும். அப்புறம் அதுலேர்ந்து பொம்பள பேரு ஒண்ணு தேர்தலுக்கு நிக்கணும்.”

இந்தக் கோடையில் தேர்தல் அறிவித்தார்கள். மண்டபத்துக்குப் பெட்டி வந்த வெள்ளிக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும், நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் அவர் பின்னால் போனோம். உள்ளே சுவரோரம் மெத்தைகளில் குலத்து ஆண்கள் மொத்தமும் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கூரையில் ஏதோ தேட ஆரம்பித்தார்.

குலத்துப் பெரியவர் அபூ தலால் எழுந்தார். உம்மு மய்சூனின் பெரியப்பா மகன். வாசல் தாண்டி வந்துவிட்டவரைப் போ என்று சொல்ல அவரால் முடியாது. அவருக்கு இடம் காட்டினார்; நாங்கள் வாசலிலேயே நின்றுகொண்டோம். காபிக் கெண்டியைத் தானே எடுத்து ஏலக்காய் மணக்க ஊற்றிக் கொடுத்தார். உம்மு மய்சூன் வலது கையால் வாங்கி, முன்னால் கம்பளத்தில் வைத்தார்.

சுவரோரம் இருந்த தலைகள் எல்லாம் கோப்பைப் பக்கம் திரும்பின.

அபூ தலால் சிரித்தார். சாமர்த்தியசாலி. “சித்தப்பா பொண்ணே, கோப்பைய வைக்கிறது வெளியில இருந்து வர்ற விருந்தாளிக்கு உள்ள வழக்கம். நீ இந்த வீட்டுப் பொண்ணு. உனக்கு எதுக்கு இது? குடி.”

ஆண்களுக்கு மூச்சு வந்தது. நாலைந்து பேர் தொடையில் தட்டிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வீட்டுப் பொண்ணா?” என்றார் உம்மு மய்சூன். “எல்லாரும் கேட்டுக்கோங்க, அபூ தலால் சொல்லிட்டார். இந்தப் பெட்டி யாருக்கு? வீட்டு ஆளுங்களுக்குத்தானே? அப்ப சீட்டைக் கொடு, போட்டுட்டுப் போறேன். இல்ல, நான் வெளியாளுன்னா காபி கீழ இருக்கு, என்ன வேணும்னு கேளு. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.”

கசாப்புக்கடை முஃப்லிஹ் மூலையிலிருந்து குரல் விட்டான்: “பொண்டாட்டி ஓட்டு புருஷன் ஓட்டுதான? ஒரே ஓட்டை எதுக்கு ரெண்டு வாட்டி எண்ணணும்?”

“உன் பொண்டாட்டி என் கடையில உன்னப் பத்திச் சொல்றத ஒரு நாள் வந்து கேளு முஃப்லிஹ். அவ ஓட்டு எந்தப் பக்கம் போகும்னு தெரியும்.”

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. அபூ தலால் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியின் மேல் ஆடைபோல ஏதோ படிந்துவிட்டிருந்தது. வீட்டுப் பெண் என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். விருந்தாளி என்றால் கேட்டதைக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால், அவர் மண்டபத்தில் ஒரு கோப்பை குடிக்கப்படாமல் ஆறிப்போன கதையை மறுநாள் காலைக்குள் கரக்கு முழுவதும் சொல்லிச் சிரிக்கும். அவர் தாடியைத் தடவினார். வாசலைப் பார்த்தார். அங்கே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

“காபியக் குடி, சித்தப்பா பொண்ணே” என்றார் கடைசியில். “பெட்டி அடுத்த வெள்ளி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பொம்பளைங்களும் வந்து போடட்டும்.”

யாரோ “அபூ தலால்!” என்று எழுந்தார். பெரியவர் கையமர்த்தினார். பக்கத்தில் நின்றவளின் கையை நசுக்கியே விட்டேன்.

உம்மு மய்சூன் கோப்பையை எடுத்து, பச்சைத் தண்ணீராய் ஆறிப்போயிருந்த காபியை ஒரே மடக்கில் குடித்தார். அபூ தலால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை வாங்கிக்கொள்ளக் குனிந்தார். உம்மு மய்சூன் அதை நீட்டினார். ஆட்டவில்லை. அபூ தலால் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் கெண்டியைச் சாய்த்தார். ஆவி பறக்கும் அந்தக் கோப்பையை உம்மு மய்சூன் கம்பளத்தில் அதே இடத்தில் வைத்தார்.