எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத கார்

அந்தக் காரின் கியர்பெட்டியை வெறுத்த அளவுக்கு வேறெந்த இயந்திரத்தையும் நான் வெறுத்ததில்லை. இத்தனைக்கும் என் பிழைப்பே இயந்திரங்களோடுதான். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பழுதான இயந்திரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. சந்தேகப்பட வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் பழுது அகப்பட்டுவிடும். இந்தக் காரில் பழுது எதுவும் இல்லை. எப்படிச் செய்தார்களோ அப்படியே ஓடியது. அதுதான் சகிக்கவில்லை.

அதற்கு முன்பு ஒரு சின்ன மேனுவல் கார் வைத்திருந்தேன். ஏழு வருடம். தினமும் விடிந்தும் விடியாத நேரத்தில் புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்புவோம். பின் இருக்கையில் அம்மா அவித்த இடியாப்பம், ஆறு மூங்கில் தட்டுகளில் அடுக்கடுக்காக, ஈரத்துணி போர்த்தி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கையைப் பின்னால் நீட்டித் துணியைப் பிடித்திருப்பாள். பாக்கார் ஆராங்கில் ஒரு தமிழ் முஸ்லிம் உணவகத்தில் தட்டுகளை இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன், அம்மா பஸ் ஏறித் திரும்புவாள். ஆட்கள் பசியாற வரும் ஏழு மணிக்கு இடியாப்பம் சூடாக மேசைக்குப் போயாக வேண்டும். அம்மாவுக்கு அது ஒன்றுதான் சொந்த வேலை, சொந்தப் பெயர். அப்பா ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார்.

போன வருடம் தொழிற்சாலைப் படிக்கட்டில் கால் பிசகி இடது கணுக்காலில் தசைநார் கிழிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் ஆறு மாதத்துக்குக் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் கியரை மாற்றத் தெரியாதவர்களின் வண்டி அது என்று எனக்குள் ஓர் அலட்சியம். கிளட்ச் பெடல் இல்லாமல், ஸ்டீரிங்குக்குப் பின்னால் இரண்டு காதுகள் வைத்த கார் ஒன்று அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில், மெர்கோங்கில், ஒரு பழைய கார் கடையில் இருப்பதாகத் தெரிந்தது. வலது காதை இழுத்தால் கியர் ஏறும், இடது காதை இழுத்தால் இறங்கும். உள்ளே இருப்பது அதே மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சை மட்டும் என் காலுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் மிதிக்கும். காகிதத்தில் படித்தபோது அழகாக இருந்தது.

பார்க்க வேண்டியவை என்று பதினெட்டு விஷயம் எழுதிக்கொண்டு போனேன். டயர் தேய்மானம், எண்ணெயின் நிறம், கதவின் ரப்பர் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஓட்டியும் பார்த்தேன். மெர்கோங்கைச் சுற்றி வயல்வெளி, மேசை மாதிரி தட்டையான தார்ச் சடக்கு. விற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மேனுவலும் இதான், ஆட்டோவும் இதான் லா. ஒரு காடி விலைக்கு ரெண்டு காடி," என்றார். என் பட்டியலில் மேடு என்ற சொல்லே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக இரண்டு மேடு ஏற வேண்டும் என்பது கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் அந்தக் கார் தலையை ஆட்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில் ஒரு கணம் இழுவை அறுந்து எல்லாரும் முன்னால் சாய்வோம், பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் இருக்கையில் மோதுவோம். மனிதக் கால் ஒன்று இதை இப்படிச் செய்தால் ஓட்டுநர் பள்ளியில் உரிமம் கொடுக்க மாட்டார்கள். காதை இழுக்கும் முன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். அப்போது ஆட்டம் பாதியாகக் குறைந்தது. அந்தச் சின்ன மோட்டாருக்கு நான் உதவியாள் ஆனேன். மூன்றாம் நாள் சிவப்பு விளக்குச் சந்திப்பில் என் இடது கால் தானாக எழுந்து, இல்லாத கிளட்ச்சைத் தேடி, அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. கணுக்காலில் உயிர் போனது. பின்னால் ஆறு தட்டும் சரிந்தன.

உணவகக்காரர் துணியைத் தூக்கிப் பார்த்தார். "அக்கா, நான் இடியாப்பம் கேட்டேன். நீங்க புட்டு கொண்டாந்திருக்கீங்க," என்றார். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். காருக்குத் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் பூசை. கார் வாங்கினால் எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய்ச் செம்பனைதான், தொழிலாளர் லயங்களும் இல்லை. கோயில் மட்டும் மேட்டுச் சரிவில் அதே இடத்தில் இருக்கிறது. பூசாரி கண்ணாடிக்குச் சந்தனம் வைத்தார், சூடம் சுற்றினார், நான்கு டயருக்கும் முன்னால் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்தார். அத்தைமார், பழைய தோட்டத்துப் பெண்கள் என்று ஏழெட்டுப் பேர் கைகூப்பி நின்றார்கள். அம்மா இடப்பக்க ஜன்னலோரம் நின்றாள்.

மேனுவல் காரில் இது ஒரு விஷயமே இல்லை. கிளட்ச்சைப் பாதி விட்டால் கார் மூச்சு விடுவதுபோல் நகர்ந்து பழத்தின் மேல் ஏறும். இந்தக் காரில் பாதி என்பதே கிடையாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். மோட்டார் யோசித்தது. அது யோசிக்கும் நேரத்தில் கார் சரிவில் பின்னால் உருண்டது. என் இடது கால் மறுபடியும் கிளட்ச்சைத் தேடி, இந்த முறை வெறும் தரையை மிதித்தது. நான் சரியான பெடலைக் கண்டுபிடிப்பதற்குள் கார் தேங்காய் உடைக்கும் கல்லில் போய் இடித்து நின்றது. நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு கீறல்கூட இல்லாமல் வைத்த இடத்திலேயே இருந்தன.

கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஓர் அத்தை, "பழத்த தாண்ட மாட்டேங்குதே, அதுக்கே முன்னால போவ புடிக்கல போல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பூசாரி இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் காரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். அம்மா தட்டுகளை மாமாவின் மோட்டர் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தாள். மாமா அவளுடைய தம்பி, பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மூன்று தட்டு முன்கூடையில், மூன்று அம்மாவின் மடியில். ஒரு கையால் தட்டு, ஒரு கையால் மாமாவின் இடுப்பு. கேட்டால், "உனக்கு ஏன் சிரமம், காலு வலிக்குமில்ல," என்றாள். அவ்வளவுதான். சாமியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து விளக்கினேன். இது கிளட்ச் தட்டு, இது மோட்டார், பெடல் அமுக்கினால் ஒரு நொடி கழித்துத்தான் பிடிக்கும், சரிவில் எந்தப் பொருளும் அந்த ஒரு நொடியில் கீழேதான் போகும், இதில் சகுனம் எதுவுமில்லை என்று. அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே மாவு பிசைந்தாள். "சரிம்மா," என்றாள். மறுநாளும் மாமாவின் மோட்டரில் போனாள்.

இரண்டாவது வாரம் மழை. முச்சந்தியில் மாமா பிரேக் போட, மோட்டர் வழுக்கியது. மாமா காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார், அம்மா சறுக்கிக் கீழே விழுந்தாள். அம்மாவின் முழங்கை தார் ரோட்டில் உரசித் தோல் போனது. மூன்று தட்டு இடியாப்பம் மழைத்தண்ணீரில் மிதந்தது. அன்று உணவகக்காரர் விளையாட்டாகப் பேசவில்லை. குருண் ஊரில் வேறு ஒருவர் காலை ஆறு மணிக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், அடுத்த மாதம் பார்ப்போம் அக்கா என்று சொன்னாராம். அம்மா முழங்கையில் மஞ்சள் மருந்தோடு உட்கார்ந்து மறுநாளைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். ஒரு பழம் நசுங்காததற்காக உடம்பை ரோட்டில் தேய்க்க ஒருத்தி தயாராக இருக்கிறாளே என்ற எரிச்சல்.

சனிக்கிழமை காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "கூட ஆம்பள யாரும் வரலியா தங்கச்சி," என்று கேட்டார். நான் தேவைப்படும் வேலையைச் சொன்னேன்: கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கணினி வைத்து மறுபடி பதிவு செய்ய வேண்டும், மோட்டாரின் எண்ணெயை மாற்ற வேண்டும். அவர் என்னை இரண்டாவது முறை பார்த்தார். வேலை நடந்தது. முடிந்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆட்டம் கொறையும், போவாது. இது பொறப்பே அப்படி. மேட்டுல ஹேண்ட் பிரேக்க புடிச்சிக்கிட்டே ஆயில் பெடல அமுக்கு. காடி மூக்கு தாழ்ற மாரி தெரியும். அப்ப விடு," என்றார். அன்று கேட்ட பயனுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுளிக்கிறது. சந்தையில் ஒன்றரைக் கிலோ எலுமிச்சம்பழம் வாங்கினேன். வேலை முடிந்த மாலைகளில் செம்பனைக் காட்டுக்குள் போகும் லாரிப் பாதையில், கோயில் சரிவுக்கு ஏறத்தாழ அதே சாய்வு உள்ள ஓர் இடத்தைப் பிடித்தேன். சாய்வைக் கைப்பேசியில் அளந்தேன். நான்கு பழம் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மூக்கு தாழும்வரை காத்திருந்து, விடுவேன். முதல் நாள் ஐந்து தடவையில் இரண்டு சரியாக வந்தது. அளவுக்கு மேல் பிடித்தால் கிளட்ச் கருகும், கார் கூவும். கருகிய வாடையும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து வெயிலில் ஒரு நாற்றம் எழும். டயர் இடுக்கில் விதையும் தோலும் ஒட்டி மறுநாள் புளித்துக் கிடக்கும். தொழிற்சாலையில் என் வேலை சோதனையை ஏமாற்றுபவர்களைப் பிடிப்பது. பொருளைச் சரிசெய்யாமல், சோதனையில் தேறும்படி மட்டும் ஏற்பாடு செய்தவர்களைப் பற்றி நான் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே காரியத்தைச் சாமிக்குச் செய்ய ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது மாலை ஐந்துக்கு ஐந்து வந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி பூசை கேட்டேன். அதே சரிவு, அதே பெண்கள். பூசாரி சமதளத்துக்கு வந்துவிடச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். இடது கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தேன். ஆக்சிலரேட்டரை அமுக்கினேன். மூக்கு தாழ்ந்தது. விட்டேன். நான்கு பழமும் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் நசுங்கின. போனமுறை பேசிய அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கை குவித்து விபூதி வாங்கினேன்.

மறுநாள் காலை ஆறு தட்டும் என் காரின் பின் இருக்கையில் இருந்தன. அம்மா ஏறி உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டித் துணியைப் பிடித்துக்கொண்டாள். முதல் மேடு தாண்டினோம். இரண்டாவது மேட்டில் லாரி ஒன்று நின்றதால் நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"நேத்து கோயில்லயும் இதத்தானே புடிச்ச," என்றாள் அம்மா.

எனக்குக் காது சுட்டது. "பாத்தியா?"

"ஜன்னல்கிட்டதானே நின்னேன்."

"தெரிஞ்சுமா ஏறுன? அப்ப பழம், சகுனம் எல்லாம்?"

"அது உங்க அத்தைக்கு. எனக்கு என்னா பழம்?" அவள் பின்னால் திரும்பி ஒரு தட்டை நேராக்கினாள். "மொத தடவ காடி பின்னால போனப்ப உன் மூஞ்சிய பாத்தேன். எத மிதிக்கறதுன்னு உனக்கே தெரியல. அன்னிக்கு வெளக்குல மிதிச்சியே, அப்பவும் அப்படித்தான். தெரியாம ஓட்டற ஆளு பக்கத்துல எப்படி உக்காருறது? சொன்னா உனக்கு ரோசம் வரும். படம்லாம் வேற வரஞ்ச."

லாரி நகர்ந்தது. நான் ஆக்சிலரேட்டரை அமுக்கிக் காத்திருந்தேன்.

ஒன்றரைக் கிலோ எலுமிச்சம்பழம். கருகின கிளட்ச். இரண்டு வாரமாக அவள் மேல் நான் வளர்த்த ஏளனம். அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் பொருந்தவில்லை. சோதிக்கப்பட்டது நான்தான், அதை அவள் யாரிடமும் சொல்லாமல் சோதித்திருக்கிறாள். மாமாவுக்கு மோட்டர் ஓட்டத் தெரியும் என்று நம்பித்தான் அதில் ஏறியிருக்கிறாள். அந்த முழங்கைக்குக் காரணம் சாமியுமில்லை, மழையுமில்லை.

மூக்கு தாழ்ந்ததும் விட்டேன். ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகாமல் கார் ஏறியது. மேலே போனதும் காதை இழுத்தேன். காலை எடுத்துத்தான் இழுத்தேன், இருந்தும் அது தலையை ஆட்டியது. அந்த ஆட்டத்தை என்னால் மன்னிக்கவே முடியாது.

"இத ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றாள் அம்மா, தட்டுகளைப் பிடித்தபடி.

"முடியாதும்மா. பொறப்பே அப்படி."

"அப்ப கியர் மாத்தறதுக்கு முன்னால சொல்லு. புடிச்சிக்கிறேன்."

பாக்கார் ஆராங் வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே போனேன்.