மஹ்ரிபு வாங்கும் சிவப்பு பல்பும்

சமூக நிலையத்தின் பின்னறையில் ஃபிலிம் கமராப் படங்களைக் கழுவப் பழகிய அந்த மாதம், என்னிடம் பொறுமை என்று ஒன்று மிஞ்சவில்லை. இருட்டறையில் சிவப்பு பல்பு மட்டும்தான் எரியலாம். வெள்ளை வெளிச்சம் பட்டால் படத்தாள் கறுத்துப்போகும். அந்த வெள்ளை லைட்டின் சுவிட்சோ அறைக்கு வெளியே இருந்தது. பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஹ்ரிபு தொழுகைக்கான வாங்கு கேட்டதும், கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஒவ்வோர் அறையாக லைட்டைப் போட்டுக்கொண்டு வருவார். என் அறையையும் விடமாட்டார்.

"மஹ்ரிபு நேரம் அறைய இருட்டா வைக்கப்படாது, தங்கச்சி."

"ராத்தா, தாள் பழுதாப் போகுது!"

"ஓம், ஓம்" என்பார். மறுநாளும் போடுவார்.

மூன்று நாள் தாள் நாசம். சண்டை பிடித்துச் சுவிட்சை அறைக்குள் மாற்ற வைத்தேன்.

அன்று மாலை மருந்துத் தட்டில் கிடந்த தாளில், மருதமுனையில் நான் படமெடுத்த கைத்தறியொன்று மெல்லத் தெளிந்து வந்தது. நூலிழைகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. வாங்கு கேட்டது. என் ஒரு கை முக்காட்டை இழுத்துவிட்டது. மறு கை தானாகப் போய்ச் சுவிட்சைத் தட்டியது.

தறி என் கண்முன்னே கறுத்துக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சத்தைக் கண்ட ராத்தா வெளியேயிருந்து சொன்னார்:

"இப்பதான் தங்கச்சிக்குப் புத்தி வந்திருக்கு."