ஹமீதா போடாத கையெழுத்து

செய்தி எம். புதுப்பட்டியிலிருந்து வந்தது. ஹமீதாவின் வீட்டிலிருந்தோ, அவள் முன்பு வேலை பார்த்த எங்கள் மையத்திலிருந்தோ வரவில்லை. பட்டாசு கம்பெனியில் திரி வைக்கும் முத்துமாரி, சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து நின்று அனுப்பிய குரல் பதிவு அது. கம்பெனிக்குள் செல்போன் கூடாது.

“டீச்சர், ஹமீதா டீச்சர் காலையில மவுத்தாயிட்டாகளாம். நெஞ்சுவலியாம். எங்க வீட்டுக்காரரு அப்ப அவுகள அம்புட்டு ஏச்சு ஏசினாரு, பிள்ளையப் பாக்காமலே கையெழுத்துப் போட்ட பொம்பளைன்னு. ஆனாலும் வீடு தேடி வந்து பாத்த மனுஷி டீச்சர் அவுக.”

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டது யார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். இனி நான் மட்டும்தான் என்பதுதான் முதலில் தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை, ஒரு நிம்மதியும் வந்தது. சீ, நான் என்ன பிறவி என்று எனக்கே உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மையத்தில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். “நீங்கதான் அவங்களுக்கு ரொம்ப நெருக்கம், ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க” என்று கேட்டார்கள். முதலில் ஒன்று எழுதினேன். கடமை, கனிவு, சேவை என்று எல்லாம் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஹமீதாவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். என்னைவிட நான்கு வயது இளையவள், என்னை அக்கா என்று கூப்பிட்டவள். ‘அவர்’ என்று எழுதினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

அவள் விருதுநகரில் சிறப்புக் குழந்தைகளுக்கான எங்கள் மையத்துக்கு வந்தபோது எனக்கு அங்கே பதினோரு வருட அனுபவம். சிறப்புக் கல்வியில் டிப்ளமோ படித்தவள் நான். பேச்சு வராத பிள்ளைக்கு, ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர எனக்குத் தெரியும். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது வேறு வேலை. அதற்காக நான் படித்தது மதுரையில் மூன்று நாள் பயிற்சி. மூன்றாம் நாள் மாலை சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தேன்.

ஹமீதா மனநலப் படிப்பு முடித்து, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கக் கவனிக்கப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகி, பதிவு எண்ணும் வாங்கி வந்தவள். முதல் நாளே அந்தச் சட்டத்தின் முன்னால் நின்று படித்தாள்.

“மூணு நாள்ல எத்தனை பிள்ளைகளப் பாக்க வச்சாகக்கா?”

“வீடியோ போட்டுக் காட்டினாக.”

“நீங்க பாக்கும்போது பக்கத்துல ஒருத்தர் இருந்து, இது தப்புன்னு சொன்னாகளா?”

“தப்புப் பண்ணினாத்தான சொல்றதுக்கு?” என்றேன். எனக்கு வாய்த் துடுக்கு அப்போதும் உண்டு.

அவள் சிரித்தாள். “சரிக்கா, நாம சேந்தே பாப்போம்.”

சேர்ந்து பார்ப்பது என்றால் என்ன என்று அந்த வாரமே தெரிந்துபோயிற்று. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்காமல் எந்தப் பிள்ளையையும் தொடமாட்டாள். அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர் யாரோ அவர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு தடவை அறையில், ஒரு தடவை வெளியில். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது என்று பிரித்து, நாங்கள் இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். “பாத்தத எழுதுங்கக்கா. நெனச்சத அப்புறம் எழுதுவோம்” என்பாள். நான் இடப்பக்கத்தில் ‘கண் பார்க்கவில்லை’ என்று எழுதினால் பென்சிலால் வட்டம் போடுவாள். யார் கண்ணை, எப்போது, எவ்வளவு நேரம் என்று கேள்வி மேல் கேள்வி. நான் மூன்று பிள்ளைகளை முடித்து அனுப்புகிற நேரத்தில் இவள் ஒரு பிள்ளையோடு தரையில் உருண்டுகொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“வெளிய வரிசையில இருக்கிறவுக வீட்டுக்குப் போக வேண்டாமா?” என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகாய் மொத்த வியாபாரம். “மேல ஒரு கை அள்ளிப் பாத்துட்டு வெலை சொல்ற ஆள எங்க அத்தா கடைக்குள்ளயே விடமாட்டாக. மூட்டையோட அடிவரைக்கும் கைய விடணும்க்கா. எரியத்தான் செய்யும்” என்றாள். அவள் நக்கல் பண்ணுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தைய சீசன் அது. முத்துமாரி தன் மகள் கார்த்திகாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு நான்கு வயது நெருங்குகிறது, நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு வரவில்லை. ஹமீதா தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஒரு வாரம் மதுரையில் இருந்தாள். அடுத்த வாரம் வரச் சொன்னேன். “சீசன்ல இன்னொரு நாளு லீவு கேட்டா வேலையே போயிரும் டீச்சர். நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றாள் முத்துமாரி. அந்த ‘நீங்களே’ எனக்கு இனித்தது. இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது?

முத்துமாரியை வெளியே உட்கார வைத்தேன். கார்த்திகா முன்னால் விளையாட்டுச் சாமான்களைப் பரப்பினேன். வண்ண வண்ணமாய் அடுக்குகிற குழாய்கள், வெள்ளித்தாள் சுற்றிய கிலுகிலுப்பை. பிள்ளை இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் சொருகிக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. எதையும் தொடவில்லை. எதையும் சுட்டிக் காட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. நாற்பது நிமிடத்தில் படிவத்தை நிரப்பி, ஆட்டிசம் என்று எழுதிவிட்டேன்.

அறிக்கையில் பதிவு எண் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். ஹமீதாவின் முத்திரை பூட்டாத மேசை டிராயரில் இருந்தது. அதை எடுத்துக் குத்தி, அவள் பெயரை அவள் எழுதுவதுபோலவே சாய்த்து எழுதினேன். தாளை உறையில் போட்டு முத்துமாரியிடம் கொடுத்தேன்.

ஹமீதா திரும்பி வந்து அலுவலகப் பிரதியைப் பார்த்தாள். கத்துவாள் என்று பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“காது பாத்தீகளாக்கா?”

“இல்ல.”

“அவுக அம்மா எங்கன இருந்தாக?”

“வெளிய.”

பையை எடுத்து மாட்டினாள். “வாங்க, போவோம்.” சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து எம். புதுப்பட்டிக்கு ஒரு பஸ். வழி நெடுக முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முத்துமாரி வீட்டு வாசலில் கார்த்திகா நின்றது. அந்தத் தாளைப் பார்த்த அன்றே அப்பா பிள்ளையைப் பாலவாடிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஹமீதா பையிலிருந்து அதே வண்ணக் குழாய்களை எடுத்துத் தரையில் வைத்தாள். பிள்ளையின் கைகள் கக்கத்துக்குள் போயின. குழாயைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, மறுபடி குழாயைப் பார்த்தது.

“எடு தாயி, அது வெடியில்ல” என்று முத்துமாரி கையைக் காட்டிச் சொன்னாள். அவ்வளவுதான். கைகள் வெளியே வந்தன. எல்லாக் குழாய்களையும் அடுக்கி முடித்து, இன்னும் வேண்டும் என்று ஹமீதாவின் பையை விரலால் சுட்டிக் காட்டியது பிள்ளை.

“நடக்கப் பழகும்போதே பழக்கிருவோம் டீச்சர். குழாய் மாதிரி, கலர்த்தாள் மாதிரி எது கெடந்தாலும் கை கக்கத்துக்குப் போயிரணும். இந்தத் தெருவுல ரெண்டு பிள்ளைகளுக்கு வெரலு இல்ல” என்றாள் முத்துமாரி.

இது எனக்குத் தெரியாத சங்கதியா? நான் பிறந்ததும் சிவகாசிப் பக்கத்து ஊர்தான். என் அம்மா என் கையையும் அப்படித்தான் பழக்கினாள். மூன்று நாள் பயிற்சியில் கொடுத்த படிவத்தைக் கையில் பிடித்ததும், என் கை எங்கே வளர்ந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. அந்த வாசலில் நிற்க முடியாமல் தண்ணீர் கேட்டு உள்ளே போய்விட்டேன்.

ஹமீதா பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போனாள். இரண்டு காதிலும் நீர் கோத்திருந்தது. வைத்தியம் பார்த்தார்கள். பேச்சு மெல்ல மெல்ல வந்தது. இப்போது கார்த்திகா இரண்டாம் வகுப்பு. வாய் ஓய்வதில்லை என்று முத்துமாரி அலுத்துக்கொள்கிறாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹமீதா சொன்னாள்: “ஆட்டிசம்ங்கிறது கெட்ட வார்த்தை இல்லக்கா. இருக்கிற பிள்ளைக்கு இல்லன்னு சொன்னாலும், இல்லாத பிள்ளைக்கு இருக்குன்னு சொன்னாலும், அதோட வருசம்தான் வீணாப்போகுது.”

இதோடு முடிந்திருந்தால் நான் வெறும் அவசரக்காரி. முடியவில்லை. கார்த்திகாவின் அப்பா மையத்துக்கு வந்து, பிள்ளையைப் பார்த்தது ஒருத்தர், கையெழுத்து இன்னொருத்தருதா என்று சத்தம் போட்டார். செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “பிள்ளையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டீர்களா?” என்று ஹமீதாவிடம் கேட்டார். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் பேசுவதற்கு நேரம் கொடுத்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “என் முத்திரையில போன தாளு சார். என் பொறுப்பு” என்றாள்.

படியிறங்கும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்க்கா. ஆனா நீங்க போய்ப் படிக்கணும். பக்கத்துல ஆள் உக்காந்து பாக்குற படிப்பு. அதுவரைக்கும் தனியாப் பாக்காதீக.” சரி என்றேன். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். எனக்கு அவள் நாற்காலி கிடைத்தது; கையெழுத்துப் போட மட்டும் மாதம் ஒரு தடவை வெளியூரிலிருந்து ஒருவர் வந்துபோவார்.

பிறகு ஊர் ஊராகப் போய் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். பிள்ளைகளை மதிப்பிடுகிறவர்களுக்கு முறையான பயிற்சி கட்டாயம் வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள். ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து, “நீங்க பாக்காம கையெழுத்துப் போட்டவுகதான?” என்று கேட்டார்களாம். அதையும் எனக்குப் போன் பண்ணிச் சிரித்துக்கொண்டே சொன்னாள். முடிவில் வழக்கம்போலக் கேட்டாள், “சேந்துட்டீகளாக்கா?” அடுத்த பேட்ச் என்றேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த பேட்ச்தான். இடையில் நான் தனியாகப் பார்த்து அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் கக்கத்தில் கை வைத்திருந்தார்களோ, தெரியவில்லை.

மவுத்து வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோமதி நீங்கதானாம்மா? எம்புட்டுப் பெருமையாச் சொல்லுவா உங்களப் பத்தி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிறதுல அக்காவ மிஞ்ச ஆளில்லம்பா” என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நேற்று முத்துமாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத அவுக இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றாள். பிறகு, “எங்க வீட்டுக்காரர்ட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு” என்றாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

சுவரிலிருந்து அந்தச் சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றிவிட்டேன். படித்து முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் மதிப்பிடமாட்டேன் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

ஹமீதாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். எம். புதுப்பட்டி வாசலில் அவள் எழுதியது. நடுவில் கோடு. இடப்பக்கம் அவள் கையெழுத்தில் இருக்கிறது: ‘பொருளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா சரி என்றதும் கை வந்தது.’ வலப்பக்கம் காலி. பஸ்ஸில் அதை என்னிடம் கொடுத்து, “நெனச்சத நீங்க எழுதுங்கக்கா” என்றாள். இத்தனை வருடமும் நான் எழுதவில்லை. இன்றும் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. இடப்பக்கத்தில் அவள் எழுத்துக்குக் கீழே, பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்: ‘முத்திரையைக் குத்தியது கோமதி. ஹமீதாவின் பெயரைப் போட்டது கோமதி. ஹமீதா திரும்பிப் பார்த்தபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது கோமதி.’