கோழித் தண்ணி ஜாடி

அறுபதுகளில் கடலூர் முதுநகரில் சரக்குப் படகில் வேலை பார்த்தேன். கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். உப்பனாற்றிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவோம். உர மூட்டை இறக்கிவரப் போகும்போது படகு காலி. காலிப் படகு முகத்துவாரத்தில் ஆடும், கவிழ்ந்தாலும் கவிழும். அதனால் அடியில் பாரம் போடுவோம். கப்பலை அணைந்ததும் அதைக் கடலில் கொட்டிவிட்டு மூட்டை வாங்குவோம்.

பாரத்துக்கு நாங்கள் அலையவில்லை. ஆற்றோரம் ஒரு மேடு இருந்தது. வெட்டினால் உடைந்த பானை ஓடும் செங்கல்லும்தான். ஏழெட்டு வருஷம் சாக்கு சாக்காக அள்ளினோம்.

ஒரு சித்திரையில் சிதம்பரத்திலிருந்து காலேஜ் வாத்தியார் ஒருவர் அந்த மேட்டைத் தோண்ட வந்தார். பத்து நாள்தான் அனுமதி. கப்பல் இல்லாத சமயம், நாலு பேர் கூலிக்குப் போனோம். ரெண்டாயிரம் வருஷம் முந்தி ரோம் தேசத்துச் சரக்கு இந்த ஆற்றில் வந்து இறங்கியதாம். அந்த ஊர் ஜாடி ஒன்றாவது கிடைத்தால்தான் நாலு பேர் நம்புவார்கள் என்றார். காகிதத்தில் வரைந்து காட்டினார். ரெண்டு காது, நீளக் கழுத்து, அடி கூர்.

அந்தக் கூர் அடியை எத்தனையோ தரம் சாக்கில் போட்டிருக்கிறேன்.

எட்டு நாள் தோண்டியும் நம்ம ஊர்ப் பானைதான் வந்தது. அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஒன்பதாம் நாள் சொல்லிவிட்டேன்.

"சார், நீங்க தேடுறத நாங்க கடல்ல கொட்டிட்டோம்."

திட்டட்டும் என்று நின்றேன்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு இருக்கு சார். மச்சான் வூட்ல."

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் தம்பி. மேட்டில் எடுத்த அரை ஜாடியை வாசல் மணலில் குத்திவைத்துக் கோழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வாத்தியார் மண்டியிட்டுக் கையாலேயே மணலைப் பறித்தார். கூர் வந்தது. சிரித்துவிட்டார்.

"இதுலதான் அவுங்க ஊரு சாராயம் வந்துச்சு" என்றார்.

"அதான் மாமா நம்ம சேவல் தள்ளாடுது" என்றான் மச்சான் என்னிடம்.

"குடுத்துடு மச்சான்."

"கோழி எதுல குடிக்கும்?"

எங்கள் வீட்டு அலுமினியக் கிண்ணத்தைக் கொடுத்தேன்.

"கூர் அடிய வெச்சிக்கிட்டு கப்பல்ல எப்படி நிக்க வெச்சாங்களோ" என்றார் வாத்தியார்.

"மணல்ல குத்திதான் சார். ஜாடியும் சாயாது, மணலே அடிபாரமாவும் ஆச்சு."

அதை எழுதிக்கொண்டார். மறுநாள் ஜாடி எடுத்த இடத்தைக் காட்டினேன். தோண்டினோம். ஒரு காது கிடைத்தது. ரெண்டையும் வைக்கோல் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் போனார்.

அதற்குப் பிறகு பாரத்துக்கு ஆற்று மணல்தான். மேட்டில் யாரையும் கை வைக்க விடவில்லை.

மச்சான்தான் பார்க்கும்போதெல்லாம் குறை சொல்வான். "கோழி கிண்ணத்தை தெனம் கவுத்துடுது மாமா."

"மணல்ல பொதைச்சு வையி" என்பேன்.