பின் இருக்கை விளக்கு

பிரேக்கை மிதித்தால் பின் இருக்கைக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கு எரியும். காலை எடுத்தால் அணையும். கதவுகள் எல்லாம் சாத்தித்தான் இருக்கும். இடது பக்கம் திரும்பச் சிக்னல் போட்டால் ஹோர்ன் முனகும். அழுத்தினால் வருகிற சத்தம் அல்ல. நித்திரையில் புரண்டு படுக்கிறவரின் தொண்டையில் வருமே, அந்தச் சத்தம். மழைக்காலத்தில் இது இரண்டும் கூடிவிடும்.

அந்தச் சின்னக் காரைக் கலகெதரையில் ஒரு அக்காவிடம் வாங்கினேன். அவருடைய புருஷன் அதை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டியவர். காய்ச்சலில் படுத்து வீட்டிலேயே இறந்துபோனார். காரில் ஒன்றும் நடக்கவில்லை. அதை நான் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாவியைக் கையில் தரும்போது அவர் பொனட்டைத் தூக்கிக் காட்டினார். பற்றரியின் கறுப்பு வயர் காரின் உடம்போடு சேருகிற திருகாணியில் பித்தளைக் கம்பி சுற்றி, அதில் ஒரு எலுமிச்சங்காய் கோர்த்திருந்தது.

"இத மட்டும் கழட்டிப்புடாதீங்கண்ணே. வெள்ளிக்கு வெள்ளி புதுசு மாத்துங்க. அவரு கட்டுனது."

"முன்னுக்கு பம்பர்லதானே கட்டுவாங்க?"

"அங்க கட்டுனா களவெடுத்துட்டுப் போறானுங்கன்னு உள்ளுக்குக் கட்டுனாரு. அதுக்கப்புறம் ஒரு கீறல்கூட விழல."

மாற்றுகிறேன் என்று சொன்னேன். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்று, கொழும்பில் கோப்பை கழுவி, வளைகுடாவில் தண்ணீர் லொறி ஓட்டி, திரும்பி வந்து ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. அந்த நேரம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறையில் இருந்தேன். கூரை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் படுப்பேன். ஆனால் சொன்ன சொல்லைச் செய்வேன். வெள்ளிக்கிழமை காலையில் பழைய காயை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டுப் புதியதைக் கம்பியில் குத்தி மாட்டுவேன்.

நானும் அதை ஹயருக்குத்தான் ஓட்டினேன், செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஒரே ஆள்தான். அக்குறணையில் பீங்கான் கடை வைத்திருந்த நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும், நெஞ்சுக்கு வந்து மூச்சை அடைக்கும். ஒருமுறை அப்படித் தவறி, அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதாக அவருடைய மனைவி சொன்னார். வேனில் ஏற அவருடைய வீங்கிய கால் தூக்காது. ஆட்டோவின் குலுக்கலைத் தாங்கமாட்டார். அந்தச் சின்னக் காரின் இருக்கை மட்டும் அவர் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பிறகு காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்குச் சரியான உயரத்தில் இருந்தது. அதனால் அந்தக் கார் ஓடினால் அவர் இருப்பார். அதை நாங்கள் இருவரும் பேசியதில்லை.

விளக்கு எரியத் தொடங்கிய நாளில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பனிமூட்டம். முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது.

"யாரு தம்பி ஏறின?" என்றார் நானா.

"யாரும் இல்ல நானா. லைட் சும்மா பத்துது."

"சும்மா பத்தாது. எனக்கு முந்தி ஆள் வந்து எடம் புடிச்சீக்கிறாரு."

"யாரு?"

"மலக்குல் மவுத்துதான். உசிர் எடுக்க வாறவரு. பஸ்ஸுக்குச் சல்லி இல்ல போல, எங்களோட தொத்திக்கிட்டாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் அடுத்த செவ்வாய் ஏறும்போது கதவுப் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்காரும் இடம் அவர் பக்கத்தில் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கண்ணாடியில் பார்ப்பேன். விளக்கு அவரில் விழாது. அந்தக் காலி இடத்தில் விழும்.

கராஜுக்கு மூன்று தடவை கொண்டுபோனேன். வயரிங் வேலை செய்கிற சிங்கள ஆள் கெட்டிக்காரர், எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பிரேக்கை மிதித்தார், சிக்னல் போட்டார், ஹோர்ன் அடித்தார். ஒன்றும் முனகவில்லை, ஒன்றும் எரியவில்லை. "தம்பி, வாகனம் ஹொந்தாய், நல்லா இருக்கு. நீங்கதான் நல்லா தூங்கணும்" என்றார். கராஜை விட்டு வந்து இரண்டு நாள் கார் ஒழுங்காக இருக்கும். மூன்றாம் நாள் பழையபடி முனகும். அன்னியர் முன்னால் அடங்கி, எங்கள் இருவரிடம் மட்டும் அது தன்னைக் காட்டுகிறது என்று நினைக்கத் தொடங்கினேன். கொளுத்தும் வெயிலில் நிறுத்தியிருக்கும்போதுகூட உள்ளே ஏறுவதற்கு முன் பின் இருக்கையை எட்டிப் பார்ப்பேன்.

பயம் வந்ததும் நான் செய்தது இதுதான்: ஒரு காய்க்கு மூன்று காய் கட்டினேன். முழுசாகக் கட்டினால் போதாது என்று நாலாகக் கீறிக் குங்குமமும் கல்லுப்பும் வைத்தேன். வெள்ளியோடு செவ்வாயும் மாற்றினேன். கார் இன்னும் மோசமானது. வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்று நடுங்கும். ரேடியோ தானாகப் பேச்சை விழுங்கும். நான் இன்னும் பெரிய காயாகத் தேடி வாங்கினேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. அக்குறணையில் பாதையில் தண்ணீர் ஏறுவதற்குள் நானாவை ஏற்றிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது என்று பாதி நேரத்திலேயே இறக்கிவிட்டிருந்தார்கள். அதனால் அன்று அவர் முகம் ஊதியிருந்தது. பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். கட்டுகஸ்தோட்டையில் வாகனங்கள் அசையவில்லை. மகாவலிக் கரையோரமாகப் போகிற சின்னப் பாதையில் திருப்பினேன். இடதுக்குச் சிக்னல் போட்டபோது ஹோர்ன் முனகவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு பக்கம் மூங்கில், மறுபக்கம் கலங்கி ஓடுகிற ஆறு. வீடு ஒன்றும் கண்ணில் படாத இடத்தில் வைப்பர் நின்றது. முன் விளக்குகள் சிவந்து மங்கின. எஞ்சின் இருமி, அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன். ஒரு டக் சத்தம் மட்டும். மீண்டும் திருப்பினேன். அதுவும் இல்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். பின் இருக்கை விளக்கு மட்டும், நான் பிரேக்கில் கால் வைக்காமலே, அணையப் போகும் திரி போல எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி," என்றார் நானா. "நான் ஒதுங்கித்தான் ஈக்கிறன். இவரு கிட்டக் கிட்ட வாறாரு."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

ஃபோனில் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டேன். இருவரும் நெரிசலில் நின்றார்கள், வர ஒரு மணித்தியாலம் ஆகும். ஒரு மணித்தியாலம் நானாவிடம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இறங்கி மழையில் பொனட்டைத் தூக்கினேன். என்ன பார்ப்பது என்றுகூடத் தெரியாது. கை பழக்கத்தில் எலுமிச்சங்காய்க்குப் போனது. தொட்டவுடன் இழுத்துக்கொண்டேன். காய் சுட்டது. குளிர்ந்த மழை கொட்டுகிறது, எஞ்சின் வேறு தள்ளி இருக்கிறது, காலையில் மாட்டிய பச்சைக் காய் அவித்த முட்டை போலச் சுடுகிறது.

"என்ன?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"காய் சுடுது நானா."

"என்ன காய்?"

அப்போதுதான் அவருக்கு அது தெரியாது என்பது எனக்கு உறைத்தது. அவருடைய மார்க்கத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்து நான் சொன்னதே இல்லை. கராஜுக்குப் போகும்போதும் எண்ணெய்க் கை படக்கூடாது என்று ஆணியைத் தளர்த்திக் கம்பியோடு கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன். வந்த பிறகு கட்டுவேன். இப்போது கதவருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு வைத்ததையும் சொன்னேன்.

நானா தன் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். அவருக்குத் தண்ணீர் குடிக்கத் தடை. தாகத்துக்கு எலுமிச்சங்காய்த் துண்டை நாக்கில் தேய்த்துக்கொள்வார். அதற்கு ஒரு சின்னக் கத்தியும் டப்பாவில் இருக்கும். கத்தியை நீட்டினார். அலகு கறுத்து, ஓரம் எல்லாம் அரித்திருந்தது.

"ஆறு மாசத்துக் கத்தி. எலுமிச்சங்காய் தின்டது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க உப்பும் வெச்சீக்கிறீங்க, பாவி மனுசன். கழட்டிச் சொரண்டுங்க."

அந்த அக்காவிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. இனிக் கட்டாமலே விட்டால் என்ன நடக்கும் என்றும் தெரியாது. பின்னால் நானாவின் மூச்சு கேட்டது, ஈரமாக. காரில் கிடந்த ஸ்பேனரால் ஆணியைத் திருகி எடுத்தேன். வயரின் முனையும் ஆணியும் அது உட்காரும் இரும்பும் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துக் கிடந்தன. மின்சாரம் திரும்பிப் போகிற வழி அதுதான். அது அடைபட்டதால் பிரேக் விளக்குக்குப் போனது பின் இருக்கை விளக்கு வழியாகவும், சிக்னலுக்குப் போனது ஹோர்ன் வழியாகவும் அலைந்திருக்கிறது. அடைபட்ட இடம் சூடேறித்தான் காயும் சுட்டிருக்கிறது. கராஜுக்குப் போகும்போதெல்லாம் நானே ஆணியைக் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. இதெல்லாம் பிறகு பாஸ் சொல்லிக் கேட்டது. அன்று ஒன்றும் தெரியாது. அந்தக் கத்தியால் இரும்பு வெளுக்கும்வரை சுரண்டினேன். மூன்று காயையும் கம்பியையும் ஆற்றில் எறிந்துவிட்டு, ஆணியை இறுக்கினேன்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. வைப்பர் விட்ட இடத்திலிருந்து நடந்தது. பின் விளக்கு அணைந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நானாவைச் சக்கரக் கதிரையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடினேன். முறை தவறிவிட்டது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்த தாதி வேறொருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவரை எடுத்தார். நாலு மணித்தியாலம் கழித்து, சட்டைக் கழுத்து தளர்ந்து, தன் காலால் நடந்து வந்தார்.

அடுத்த வாரம் காரின் கடதாசி ஒன்றுக்கு ஒப்பம் வாங்கக் கலகெதரைக்குப் போனேன். காயை எறிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அக்கா வாசலுக்கு வந்து காரைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் மொனகுதாண்ணே?"

"ஏன்?"

"அவரு போன பொறகு தொடங்குனது. அதுக்குத்தான் காயக் கழட்டாதீங்கன்னு சொன்னேன். கழட்டுனா போயிருவாருன்னு பயம். ராவு பகலு தனியா இருக்கப்போ, தெருவுல நிறுத்தி சிக்னலப் போட்டு உக்காந்திருப்பேன்."

"மொனகுது," என்றேன். ஒப்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முனையில் திரும்பும்போது அவர் வாசலிலேயே பார்த்துக்கொண்டு நின்றார். சிக்னலைப் போட்டு, ஹோர்னை ஒரு விரலால் மிக லேசாக அழுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை இதை நானாவிடம் சொன்னேன். பாலத்தில் பிரேக்கை மிதித்தேன். விளக்கு எரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். இருக்கை முழுவதும் அவருடையதாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கதவோடு ஒட்டி, ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா சாஞ்சி உக்காருங்களேன் நானா. அதான் லைட் பத்தல்லயே."

"லைட்டுதானே பத்தல்ல," என்றார். "நீங்க பாதையப் பாத்து ஓட்டுங்க. வெள்ளிக்கிழமையும் வரணும்."