வெடிமருந்து அறையில் இருவர்

ஹெட்லி ஸ்டர்ஜ் பயந்த சுபாவக்காரன். நான் புறம்பேசுவதாக நினைக்க வேண்டாம், அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான். எங்கள் ஊரான ஹேர் பைட்டில் மற்ற ஆண்களுக்குப் பயம் வந்தால் கடலைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், இல்லையென்றால் பேசாமல் சிகரெட்டைப் பற்றவைப்பார்கள். ஹெட்லி என் கடைக்கு வந்து, மாவு விலை விசாரிக்கிற அதே குரலில், "இன்னைக்குக் காத்து சரியில்ல வெல்மா, எனக்குப் பயமா இருக்கு" என்பான். ஐம்பது தாண்டியவனை 'அவன்' என்கிறேனே என்றால், அவன் என் சிநேகிதி ட்ரைஃபீனாவின் தம்பி. மூக்கு ஒழுக எங்கள் பின்னால் ஓடிவந்த காலத்திலிருந்து பழக்கம்.

சின்ன வயதில் ஒருமுறை அப்பாவோடு படகில் போனபோது இன்ஜின் நின்றுபோய், கடல்மேல் மிதந்துவரும் பனிக்கட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். படகின் பலகையைக் கட்டிகள் நெரிக்கிற சத்தத்தைக் கேட்டபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவன், கரையேறிய பிறகு எந்தப் படகிலும் கால் வைக்கவில்லை. மீன் பிடித்துப் பிழைக்கிற ஊரில் அது பெரிய தலைக்குனிவு. படகுத் துறையில் மகனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அவன் அப்பா எழுந்து போய்விடுவார். ஹெட்லி வளர்ந்ததும் நெடுஞ்சாலைத் துறையில் சேர்ந்து, சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டினான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

அக்கா ஃபீனாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கணவன் கிளாரன்ஸின் படகில் வருஷக்கணக்காக நின்று வலை இழுத்தவள். மீன் குறைந்துபோய் கிளாரன்ஸ் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வயல் வேலைக்குப் போன பிறகு, பெரிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு நண்டு ஆலைக்குப் போய் வந்தாள். "எங்கம்மா பயத்தையெல்லாம் ஒரே சட்டியில ஆக்கி அவனுக்கே ஊட்டிட்டா, எனக்கு அடிப்பிடிச்சது கூட மிச்சம் வைக்கல" என்று தம்பியை வைத்துக்கொண்டே சொல்வாள். அவனும் சிரிப்பான்.

டாக்டர் அவனை நடக்கச் சொல்லியிருந்தார். தனியாக நடக்க அவனுக்குப் பயம் என்பதால் அக்காவும் கூடப் போவாள். எங்கள் ஊரில் நடப்பதென்றால் பீரங்கி முனைப் பாதைதான். தேவாலயத்துக்குப் பின்னால் ஏறி, பாறை விளிம்போடு போகும். முதலில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பீரங்கிகள் இரண்டு புல்லில் கவிழ்ந்து கிடக்கும். முனைக்குப் போனால் ஹிட்லரின் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து கட்டிய கான்கிரீட் கோட்டை. பீரங்கி நின்ற வட்டக் குழிகள் இரண்டு, மேலே ஒரு காவல் மேடை, குன்றுக்குள்ளே சுரங்கம் மாதிரிப் போகிற நடையும் அதன் கடைசியில் வெடிமருந்து அறையும். அறைக்கு இருந்த இரும்புக் கதவைப் பழைய இரும்புக்காரர்கள் எப்போதோ கழற்றிப் போய்விட்டார்கள். இப்போது பையன்கள் பீர் குடிக்க ஒதுங்குகிற இடம். அங்கிருந்து பாதை இறங்கினால் கோவர் பார்சன்ஸ் தனியாகக் குடியிருக்கிற அடுத்த குடா.

அந்த ஏப்ரலில் வடகாற்று பனிக்கட்டியை எல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் குடாவில் அடைத்திருந்தது. கரையிலிருந்து பார்த்தால் கடலே இல்லை, வெள்ளை மேடுதான். பனிக்கட்டி வந்தால் சீல் எனப்படும் கடல்நாய் வரும். கடல்நாய் வந்தால் அதன் பின்னால் வேறொன்றும் சில வருஷங்களில் வரும். வடக்கே ஒரு துறைமுகத்தில் பனிக்கரடியைப் பார்த்ததாக ரேடியோவில் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் கடையில் என் முன்னால்தான் பேச்சு நடந்தது.

"இன்னைக்கு வேணாங்கா. ரேடியோ கேட்டியா?"

"அது எங்கயோ வடக்க. அங்கேர்ந்து உன்ன மோப்பம் புடிச்சிட்டு வருதாக்கும்? உன் உடம்புல அதுக்கு ஒரு வாய்க்குக் கூடக் காணாது."

"கிண்டல் பண்ணு. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றேன்."

"உனக்கு என்னைக்குத்தான் பயமா இல்ல? கோவர் கடல்நாயோட துடுப்புக் கறி வச்சிருக்கானாம். எடுத்துட்டு வந்தா ராத்திரி வேக வச்சு, வெங்காயம் போட்டு, மேல மாவு மூடிச் சுட்டுத் தரேன். வெல்மா கண்ணு, நீயும் வந்துரு."

அந்தப் பதார்த்தத்துக்கு மறுப்புச் சொல்ல அவனால் முடியாது. போனார்கள்.

போகும்போது வெயில். கோவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஃபீனா கையில் பை, பைக்குள் ரத்தம் காயாத துடுப்புகள். இரண்டாவது பீரங்கிக் குழிக்குப் பக்கத்தில் வந்தபோது ஹெட்லி நின்றுவிட்டான். குழியின் மதிலோரம் பழைய பனி குவிந்து கிடந்தது. அதில் ஒரு பகுதி மட்டும் மஞ்சளாக இருந்தது.

"அக்கா, அது போகும்போது இருந்துச்சா?"

"எது? பனிதானடா. யாராவது ஒண்ணுக்குப் போயிருப்பான்."

மஞ்சள் பனி தலையைத் தூக்கியது.

சின்னத் தலை, நீளமான கழுத்து என்று ஃபீனா பின்னால் எனக்குச் சொன்னாள். கறுப்பு மூக்கு மட்டும் தனியாகக் காற்றில் மேலும் கீழும் ஆடியதாம். அது அவசரப்படவில்லை. அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்க எழுந்து வருகிறவனைப் போல எழுந்தது. அது ஊருக்குப் போகிற பக்கம் நின்றது. திரும்பி ஓடினால் கோவர் வீடு வரை வெட்டவெளி. துப்பாக்கி இல்லை. முனையில் போனுக்கு எப்போதுமே சிக்னல் கிடையாது.

"ஓடாத. அதப் பார்த்துக்கிட்டே பின்னால வா. நடைக்குள்ள போயிரலாம்" என்றான் ஹெட்லி. அவன் குரல் நடுங்கியது, ஆனால் கால் சரியாகத்தான் நடந்தது.

நடை வாசல் வரை பின்னால் நடந்தே வந்துவிட்டார்கள். கரடி தலையைத் தாழ்த்தி, பாதங்களை உள்பக்கமாக வைத்து, அதே நிதானத்தில் வந்துகொண்டிருந்தது.

"பையத் தூக்கி எறி. தூரமா எறி."

ஃபீனாவுக்கு அது காதில் விழுந்தது, கைதான் கேட்கவில்லை. விரல்கள் பையின் காதில் மரத்துப் போயிருந்தன. ஹெட்லி பிடுங்கப் பார்த்தான். கடைசியில் அவளே விசிறினாள். பை பக்கத்திலேயே, நடை வாசலிலேயே விழுந்து, துடுப்புகள் வெளியே சரிந்தன. கரடி வந்து, இவர்கள் வெளியே போகவேண்டிய ஒரே வழியில் படுத்துத் தின்னத் தொடங்கியது.

இவர்கள் இருட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு வெடிமருந்து அறைக்குப் போனார்கள். பையன்கள் நெருப்பு மூட்டப் போட்டிருந்த இரும்புப் பீப்பாயும் மரச்சட்டங்களும் அங்கே கிடந்தன. எல்லாவற்றையும் வாசலில் இழுத்துப் போட்டு, பீப்பாயில் முதுகைக் கொடுத்து, எதிர்ச் சுவரில் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அறை அவ்வளவு குறுகல். நடையின் வளைவுக்கு அப்பாலிருந்து எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

கரடி நடக்கிற சத்தமே கேட்காது என்கிறாள் ஃபீனா. நகம் மட்டும் கான்கிரீட்டில் லேசாக உரசும். அது பீப்பாய்க்கு அந்தப்பக்கம் வந்து நின்று மூச்சு விட்டபோது, கடல்நாய்க் கொழுப்பின் வாடை அறை முழுக்க நிறைந்தது. சட்டத்துக்கு இடையே மூக்கு வந்து, முகர்ந்து, பின்வாங்கியது. அப்புறம் பாதத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்தியது. பீப்பாய் நகர்ந்தது. இரண்டு பேரும் காலால் உதைத்துத் தள்ளினார்கள். மறுபடியும் அழுத்தியது. தகரம் உள்ளே மடங்கி ஹெட்லியின் விலாவில் குத்தியது. அவன் கத்தவில்லை.

கடலில் எத்தனையோ புயல் பார்த்த ஃபீனாவுக்கு அங்கேதான் புத்தி கழன்றது. "நான் போறேன், ஓடிருவேன், விடு, அது சுத்தி வர்றதுக்குள்ள ஓடிருவேன்" என்று கிசுகிசுத்துக்கொண்டு எழுந்தாள். சட்டங்களை விலக்கக் கை நீட்டினாள். ஹெட்லி அவள் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"விடுடா."

"விடமாட்டேன். பயந்துட்ட. அவ்ளோதான். இது இப்படித்தான் இருக்கும்."

"என்னால மூச்சு விட முடியல."

"முடியும். நெஞ்ச அடைக்கும், அப்புறம் விடும். மறுபடி அடைக்கும். எனக்குத் தெரியாதா? இங்க பாரு, ரோட்டுல பனிக் காத்து அடிச்சு எல்லாம் வெள்ளையாயிட்டா எனக்கு லாரி மூக்கே தெரியாது. அப்ப வீட்டு வரிசையச் சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். நீ சொல்லு. தேவாலயத்துக்கு அடுத்த வீடு யாரு?"

அவன் மறுபடி கேட்டான்.

"...பாதிரியார்."

"அடுத்து?"

"அபே ஹிஸ்காக்."

"அவர் செத்துட்டாரே."

"வீடு இருக்குல்ல" என்றாள் ஃபீனா.

அப்படியே ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே துறை வரை வந்தார்கள். துறையிலிருந்து திரும்பி மறுபக்க வரிசையில் ஏறினார்கள். என் கடை வந்தபோது கரடி பீப்பாயை விட்டுவிட்டு நடையில் குறுக்கே படுத்துக்கொண்டது. அது புரண்டு படுக்கிற சத்தமும், பெருமூச்சும், நடுநடுவே நாக்கால் பாதத்தை நக்குகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. இவர்கள் குரலைத் தாழ்த்தி மறுபடி தேவாலயத்திலிருந்து தொடங்கினார்கள். ஒரு வீட்டின் பெயரை ஃபீனா மறந்தாலும் அவன் சொல்லிக்கொடுக்க மாட்டான், அவளே சொல்லட்டும் என்று காத்திருப்பான். அவன் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்ததாம், பல் தந்தியடித்ததாம். ஆனாலும் கேள்வி நிற்கவில்லை.

இங்கே கடையில் எனக்குக் கோவரிடமிருந்து போன் வந்தது. "ஃபீனா வந்து சேந்தாளா வெல்மா? வீட்டுல யாரும் எடுக்கல. என் விறகுக் கொட்டாய்க்குப் பின்னால தடம் கிடக்கு. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கு."

துறையில் இருந்தவர்களிடம் ஓடினேன். நாலைந்து பேர் துப்பாக்கியோடு, பனியில் ஓடுகிற ஸ்கிடூ வண்டிகளை முடுக்கிக்கொண்டு முனைக்குக் கிளம்பினார்கள். மூட்டத்துக்குள் அந்த இரைச்சல் போய் மறைந்த பிறகு, ஊரே வாசலில் நின்றுகொண்டு வெடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டியது. வெடி கேட்கவில்லை. இரைச்சல் கேட்டதுமே கரடி எழுந்து வெளியே போய், பாறைச் சரிவில் இறங்கிப் பனிக்கட்டிமேல் நடந்து மூட்டத்தில் கரைந்துவிட்டது. துப்பாக்கியோடு போனவர்கள் பார்த்தது அதன் பின்பக்கத்தை மட்டும்தான்.

உள்ளே ஃபீனாவால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் பேண்ட் நனைந்திருந்தது. ஆட்கள் விளக்கோடு நடைக்குள் வருகிற சத்தம் கேட்டதும் ஹெட்லி தன் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். "குளிருதுன்னு சொல்லு" என்றான். இதை அவள் எனக்கு மட்டும் சொன்னாள். இப்போது நான் எழுதுவதும் அவள் சம்மதத்தோடுதான்.

அன்று ஊர்க் கூடத்தில் ஹெட்லியைச் சுற்றிக் கேலி பறந்தது. "கரடியப் பார்த்து எலிப்பொந்துக்குள்ள பூந்துட்டியாமே" என்றான் ஒருவன். "அக்காவ முன்னால விட்டியா, பின்னாலயா?" என்றான் இன்னொருவன்.

"ஆமா, பயந்துட்டேன். இன்னும் பயமாத்தான் இருக்கு. அது எங்க போச்சுன்னு யாருக்காவது தெரியுமா?" என்றான் ஹெட்லி.

யாருக்கும் தெரியாது. மறுநாள் வனவிலங்குத் துறையினர் ஹெலிகாப்டரில் வந்து கரையெல்லாம் தேடினார்கள். தடம் பனிக்கட்டி விளிம்புவரை போய் முடிந்திருந்தது. வேறெந்த ஊரிலும் அந்தக் கரடி கண்ணில் படவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் பிள்ளைகளை வண்டியில்தான் பள்ளிக்கு அனுப்பினோம். துணி காயப்போடப் போனால் கூட ஒருவர் வாசலில் நிற்பார்.

ஃபீனா உடைந்துபோனாள் என்றுதான் சொல்லவேண்டும். பனி உருகிப் போன பிறகும் வீட்டை விட்டு இறங்கமாட்டாள். பகலிலும் கதவுக்கு முன் நாற்காலியை நகர்த்தி வைத்தாள். ஆலையில் வேலையை விட்டாள். கிளாரன்ஸ் வந்து மூன்று வாரம் இருந்துவிட்டு, "பழைய ஃபீனா எங்க போனா?" என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனான். நானும் அவளைத் தேற்றப் பார்த்தேன். "அதான் போயிருச்சே" என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. ஹெட்லி அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. தினமும் காலையில் வருவான், நாற்காலியை நகர்த்தும் வரை வெளியே நிற்பான், உள்ளே போய்த் தேநீர் போடுவான். "இன்னைக்கு எங்க இருக்கு, நெஞ்சுலயா வயித்துலயா?" என்று கேட்பான். அவள் சொல்வாள். சில நாள் வாசற்படி வரை வருவார்கள். சில நாள் அதுவும் இல்லை.

அடுத்த வருஷம் பனிக்கட்டி வருவதற்குள் அவள் உள்நாட்டில் இருக்கிற கேண்டருக்கு, மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். அங்கே கடல் கண்ணில் படாது. ஹெட்லிதான் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். போனில் பேசும்போது இப்போது சிரிக்கிறாள். ஹேர் பைட்டுக்கு மட்டும் வருவதில்லை.

அதற்குப் பிறகு ஊர் மன்றத்தில் அந்த நடையைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிடத் தீர்மானம் வந்தது. பிள்ளைகளுக்கு ஆபத்து, கரடி புகுந்தாலும் ஆபத்து என்றார்கள். கூட்டங்களில் வாயே திறக்காத ஹெட்லி அன்று எழுந்தான்.

"அடைக்காதீங்க. உள்ளறைக்கு ஒரு கதவு போடுங்க. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்."

"கரடி வருஷா வருஷம் வரப்போகுதா ஹெட்லி?"

"தெரியாது. அதனாலதான் கேக்கறேன்."

கதவு போட்டார்கள்.

போன ஏப்ரலில், குடா வெள்ளையாக அடைத்துக் கிடந்த ஒரு மத்தியானம், நான் தனியாக முனைக்குப் போனேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் விழுந்தது. இருட்டில் நின்று காதைக் கொடுத்தேன். வெளியே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தாழ்ப்பாளைத் திறக்க என் கை மேலே போக வெகுநேரம் ஆயிற்று.